‘டிங்’ என்றால் சிரிக்கும் மச்சினன்

“...அதோட விட்டானா இந்த கேம்காரன்? தோத்தாலும் ஒரு சத்தம் குடுக்குறான் மச்சான், ‘பரவால்ல, மறுபடி வா’ன்னு தோள்ல தட்டுற மாதிரி. வீட்ல யாரு நமக்கு அப்புடிச் சொல்றா?” என்றான் என் மச்சினன், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து நாங்கள் இருவர் மட்டும் வந்திருந்த ஃபைபர் படகு அது. வலையை இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். வலையின் ஒரு முனை படகில் கட்டியிருக்கும். நீவாடு, அதாவது கடலின் ஓட்டம், இழுக்கிற பக்கம் படகும் வலையும் சேர்ந்து போகும். மச்சினன் கையில் மிட்டாய் உடைக்கும் விளையாட்டு. உடைந்தால் ‘டிங்’. கூட்டமாக உடைந்தால் ‘டிங் டிங் டிடிங்’. என் தலைக்குள் கொல்லன் பட்டறை.

“சத்தத்தை அமத்து மாப்ள.”

“அமத்திப்புட்டு ஆடுறது, மூக்கைப் பொத்திக்கிட்டு மீன் கொழம்பு திங்கிற மாதிரி மச்சான்.”

பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எரிச்சல் தாங்காமல் நானே இதைத் தேடிப் படித்திருக்கிறேன். சூதாட்ட மெஷினில் ஜெயித்தால் மணி அடிக்க வைத்தார்களே, அந்த வம்சம்தான் இது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கையடக்க விளையாட்டுகூட, வரிசை நிறைந்தால் ‘கீ’ என்று கத்தும். எப்போது வரும் என்று தெரியாத சத்தத்துக்குத்தான் காது ஏங்கிக் கிடக்கும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், “இருங்க மச்சான், பெரிய டிங் வரப்போவுது” என்பான்.

வந்தது. விடாமல் அடித்தது. அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. திரையில் எதுவும் உடையவில்லை. எது உடைந்தது என்று சிரித்தபடியே தேடினான்.

அடித்தது படகிலிருந்த ஜிபிஎஸ் கருவி. எல்லைக்கோடு நெருங்கும் முன்பே கத்தும்படி அவனேதான் வைத்திருந்தான். நீவாடு எங்களைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது. எல்லையைத் தாண்டினால் படகும் போகும், நாங்களும் அடுத்த நாட்டுச் சிறையில் கம்பி எண்ண வேண்டியதுதான்.

“அடேய், எல்லைடா! இதுக்குப்போய் இளிக்கிறே!”

ஃபோனைப் பலகையில் போட்டுவிட்டுப் பாய்ந்தான். வலையை மூச்சுவாங்க இழுத்தோம். பட்ட மீனைக்கூடப் பார்க்கவில்லை. கடைசி முழமும் ஏறியதும் இன்ஜினை முடுக்கி மேற்கே திருப்பினான். ஒருவழியாக ஜிபிஎஸ் அடங்கியது.

“அந்த ஃபோன் சனியனைத் தூக்கிக் கடல்ல போடு” என்றேன்.

கரை தெரிந்ததும் இன்ஜினை என்னிடம் விட்டு, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தான். நான் பார்க்கும்படி சத்தத்தை அமத்தினான். அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து, மிட்டாய் உடையும்போதெல்லாம் வாயாலேயே “டிங்” என்றான்.