கடைசிச் செயற்பாட்டுக்கு விட்ட இடம்

பாடக்குறிப்பைச் சீக்கிரமாக எழுதி முடிப்பது எப்படி என்று புதிய ஆசிரியைகள் என்னிடம்தான் கேட்பார்கள். அதில் நான் கெட்டிக்காரி. பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டது.

தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. ஆள் பற்றாக்குறையால் மூன்றாம் தரப் பிள்ளைகளையும் நான்காம் தரப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்கிறேன். திங்கட்கிழமை காலையில் பாடக்குறிப்புப் புத்தகம் அதிபரின் மேசையில் இருக்க வேண்டும். நான் கண்டியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவள். அந்த வளைவுகளில் பேனா பிடித்தால் என் எழுத்தை நானே வாசிக்க முடியாது. அதனால் வீட்டுக்கு வந்துதான் எழுதுவேன்.

என் கணவர் கண்டியில் முச்சக்கரவண்டி ஓட்டினார். மாலையில் வந்ததும் கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் உட்காருவார். மறுநாள் வகுப்பில் செய்யப்போகும் செயற்பாட்டை நான் அவருக்குச் சொல்லிக்காட்ட வேண்டும். நல்ல பிள்ளை மாதிரி கேட்டுவிட்டுக் கையைத் தூக்குவார்.

“டீச்சர், எனக்கு வெளங்கல.”

“எது வெளங்கல?”

“எல்லாந்தான். மொதல்ல இருந்து சொல்லுங்க.”

எரிச்சல் எரிச்சலாக வரும். எனக்கு இருக்கிற வேலையில் இவருக்கு விளையாட்டு என்று திட்டியும் இருக்கிறேன். ஆனால் போத்தல் மூடிகளை வைத்து வகுத்தல் சொல்லிக்கொடுக்க நினைத்தபோது, “மிச்சம் வர்ற மூடி யாருக்கு?” என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் அதே மூடிக்காகச் சண்டை பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கு விளங்கும்வரை எதையும் புத்தகத்தில் எழுதுவதில்லை.

பிறகு அவருக்குக் கிட்னி பழுதாகி, கண்டியில் ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்தார். பாடசாலை விட்டதும் பஸ் பிடித்து நேராக அங்கே போவேன். நோயாளரைப் பார்க்க விடுவது மாலையில் கொஞ்ச நேரம்தான். முதல் கிழமை புத்தகத்தையும் கொண்டுபோய்க் கட்டில் விளிம்பில் வைத்து, வீட்டில் போலவே அவருக்குச் சொல்லிக்காட்டி எழுதினேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்கும் வெட்கமாக இருந்தது. கிடைக்கிற நேரத்தை அவரோடு சும்மா இருந்து கழிக்க வேண்டும், வேலையைப் பாடசாலையிலேயே முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நேரத்தை மிச்சம் பிடிக்கிற வித்தையெல்லாம் அப்போது வந்ததுதான். இரண்டு தரத்துக்கும் ஒரே கருப்பொருளை எடுத்தேன். ‘தண்ணீர்’ என்றால் தமிழும் கணிதமும் சுற்றாடலும் அதற்குள்ளேயே வந்துவிடும். சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பயிற்சி மட்டும் வேறு. தேர்ச்சி மட்டங்களைப் பாடசாலைத் தவணையின் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் தினமும் வழிகாட்டி நூலைப் புரட்டத் தேவையில்லை. செவ்வாய் என்றால் அட்டை விளையாட்டு, புதன் என்றால் வெளியே போய்ப் பார்ப்பது என்று கிழமைக்கு ஓர் ஒழுங்கு. ஒரு தடவை வெட்டிய அட்டைகள் வருடம் முழுவதும் உதவும். இடைவேளையில் தேநீரைக் குடித்துக்கொண்டே பென்சிலால் அடுத்த நாளுக்கு எழுதினேன், பிறகு அடுத்த கிழமைக்கும் எழுதினேன். தவணை முடியும்வரைக்கும் எழுதி முடித்துவிட்டேன்.

அன்றைக்கு வெறுங்கையோடு வார்ட்டுக்குப் போனேன்.

“இன்னைக்கு எனக்குப் பாடம் இல்லையா டீச்சர்?” என்றார்.

“எல்லாம் முடிச்சாச்சு. இனி நிம்மதியா ஒக்காந்து பேசலாம்.”

“ஆ, சரி” என்றார்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசினோம். சாப்பாட்டில் உப்பில்லாததைப் பற்றிப் பேசினோம். அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிற்றூழியர் வந்து, “வெலாவ இவரய்” என்று சிங்களத்தில் சொன்னபோது, நேரம் முடிந்ததற்காக எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. நாள் முழுவதும் அந்த மனிதர் நோயாளியாகக் கிடக்கிறார். நான் போகிற நேரத்தில் மட்டும் மூன்றாம் தரத்துப் பிள்ளையாக இருந்தார். அதைத்தான் நான் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

மறுநாள் முதல் வேலையாக, வரப்போகும் ஒவ்வொரு நாளிலும் கடைசிச் செயற்பாட்டை அழித்து அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். அதை மட்டும் அவரிடம் சொல்லிப் பார்த்துத்தான் எழுதினேன். கை தூக்க முடியாத நாட்களில் விரலைத் தூக்கினார். “வெளங்கல” என்று சொல்ல முடியாதபோது தலையை ஆட்டினார். நானும் முதலிலிருந்து சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கும் அதெல்லாம் பாடமாகியிருக்கும்.

ஒரு நாள் நூலால் மேசையை அளக்கிற பாடம். ஒரு தடவைதான் சொன்னேன்.

“வெளங்குது டீச்சர்” என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன். காரியம் முடிந்தபிறகு வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனேன். என் வகுப்பைப் பார்த்துக்கொண்ட முதலாம் தர ஆசிரியை, கம்பளையிலிருந்து வருகிற முஸ்லிம் தோழி, புத்தகத்தை என் கையில் தந்தாள்.

“ஒண்டுக்கும் யோசிக்க வாணாம் டீச்சர். ஒவ்வொரு நாள்லயும் கடைசி எடம் சும்மா கெடந்துச்சு. பாவம், எழுத நேரம் கெடச்சிருக்காதுன்டு நாங்களே தவணை முடியிற வரைக்கும் எழுதிட்டோம்.”

வட்ட வட்டமான அழகான கையெழுத்து. ஒரு வரிகூட மிச்சமில்லை. நன்றி சொன்னேன். அவள் மேல் கோபம் வரவில்லை. எதன் மேலும் எதுவும் வரவில்லை.

அன்றைய கடைசிச் செயற்பாடு இலைகளை வகைப்படுத்துவது. நன்றாகவே எழுதியிருந்தாள். எழுதியிருந்தபடியே சொன்னேன்.

“வெளங்குச்சா?”

“வெளங்குச்சு டீச்சர்!” என்று இரண்டு தரமும் சேர்ந்து கத்தியது.

நான் பின் வரிசைவரை பார்த்தேன். ஒரு கையும் உயரவில்லை.

முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.