அவ அப்புறம் சாப்பிடுவா

"ஒரு வேளைச் சோத்துக்காக எவளாவது வீட்டை விட்டுப் போவாளா?" என்று கீழ் வீட்டுக்காரி கேட்கிறாள். கேட்பாள், அவளுக்கென்ன? "போறவ பால் பாக்கெட்டைக் கதவுல மாட்டிட்டுப் போனாளாமே, என்ன கொழுப்பு!" என்று மாடி வீட்டுக்காரி ஒத்து ஊதுகிறாள். இந்த வயதில் எவனோடோ ஓடிவிட்டாள் என்றுகூட ஒரு பேச்சு. ஓடவுமில்லை, ஆடவுமில்லை. தையல் கடைக்குப் பின்னால், துணி மூட்டை போடும் அறையில்தான் கிடக்கிறாள். ஒரு அடுப்பு, ஒரு தட்டு, ஒரு பாய். அங்கேயும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். பழகிப்போன உடம்பு, உட்கார் என்றால் கேட்குமா? அவள் சுகமாக இருக்கிறாள் என்று யாரும் வயிறு எரிய வேண்டாம். ஆனால் சோற்றுக்காகப் போனாள் என்று சொன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

காஜாக்காரி என்றால்தான் தெருவில் அவளைத் தெரியும். சட்டையில் பொத்தான் துளையைச் சுற்றித் தைத்துக் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் அவள் வேலை. வெட்டுகிறவர் வெட்டி, தைக்கிறவர் தைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சட்டை அவள் மடிக்கு வரும். வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் புருஷன், இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் மகன், மருமகள், புருஷனை இழந்து வந்து சேர்ந்த நாத்தனார் என்று நாலும் நிறைந்துவிடும். இவள் நின்று பரிமாறுவாள். எல்லாரும் கை கழுவின பிறகு, சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதை வழித்து அடுப்போரம் நின்றபடி தின்பாள். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை. செய்யாதே என்றும் சொன்னதில்லை.

அவள் பிறந்தநாளுக்கு மகன்தான் ஏற்பாடு செய்தான். "அம்மா, டிவியில வர்றாரே அந்தச் சமையல்காரர், அவரோட ஹோட்டல்ல இடம் புடிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை மதியம். நீ அன்னிக்கு அடுப்புப் பக்கமே போகக் கூடாது."

கடைக்குப் போய் எல்லாரிடமும் சொன்னாள். "அன்னிக்கு எனக்கு ஒருத்தங்க போடுவாங்க, நான் உக்காந்து சாப்பிடுவேன்." தையல்காரர் சிரித்தார். "உக்காரத் தெரியுமா உனக்கு?" அவளும் சிரித்தாள். ஒரு வாரம் அந்த ஞாயிறையே மடியில் வைத்துக்கொண்டு காஜா எடுத்தாள்.

ஹோட்டல் என்றால் அப்படியொரு இரைச்சல். பாட்டு ஒரு பக்கம், சுவரே இல்லாத சமையலறையில் தீ எழும்புவதும் தட்டு மோதுவதும் ஒரு பக்கம். பரிமாற வந்த பெண் குனிந்து, "இங்க ஆளுக்கொரு தட்டுன்னு வராதுங்க. ஒவ்வொண்ணா நடுவுல வைப்போம், எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடணும்" என்றாள்.

முதலில் சுட்ட காய்கறி வந்தது. தட்டு நடுவில் வந்ததும் காஜாக்காரியின் கை தானாகக் கரண்டியை எடுத்தது. நாத்தனாருக்கு, புருஷனுக்கு, மகனுக்கு, மருமகளுக்கு. தட்டு காலி. அடுத்து மீன். மறுபடி அதே வரிசை. எல்லாரும் முடிக்கட்டும், கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். வீட்டில் சட்டி அடுப்பிலேயே இருக்கும், எங்கே போகும்? இங்கே காலியான தட்டை மறு நிமிஷம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கறி வந்தது, ரொட்டி வந்தது, குழம்பு வந்தது. மகன் ஒவ்வொன்றையும் படம் பிடித்தான். "அண்ணி, அந்த எலும்புத் துண்டை இப்படித் தள்ளு" என்றாள் நாத்தனார். தள்ளினாள்.

கடைசியில் மேஜையைத் துடைக்க வந்த பெண்தான் நின்றாள். "அம்மா, உங்க தட்டு அப்படியே இருக்கே? நீங்க எதுவுமே சாப்பிடலையே?"

புருஷன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அவ அப்புறம் சாப்பிடுவா."

அப்புறம் என்றால் எப்போது? எங்கே? அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்குப் பழகிப்போன பேச்சு, வந்துவிட்டது. மேஜையில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குள் அந்தப் பெரிய சமையல்காரரே வந்துவிட்டார். பிறந்தநாள் என்றதும் கைதட்டி, "எது பிடிச்சுதும்மா?" என்று அவளையே பார்த்துக் கேட்டார்.

"அம்மாவுக்கு எல்லாமே பிடிக்கும்" என்றான் மகன்.

வீட்டுக்கு வந்து சட்டியைத் திறந்தாள். அன்று சமைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடித்தாள்.

வாய் விட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம்தான். கேட்டு வாங்கினால் அது போட்டதாகுமா? அவளுக்கு அந்த வீம்பு உண்டு, இல்லையென்று மூடி மறைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் செய்தாள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சமைத்து மேஜை நடுவில் வைத்தாள். வீட்டு மூலையில் இருந்த பழைய தையல் மெஷின் முன்னால் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டியைத் தொடவில்லை. யாராவது ஒரு கரண்டி போடட்டும், யார் கையாக இருந்தாலும் சரி, சாகிற வரை இங்கேயே இருந்துவிடலாம் என்று மனசுக்குள் முடிவு.

"என்ன, கால் வலியா?" என்றார் புருஷன். பதிலுக்குக் காத்திராமல் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். மருமகள் தன் புருஷனுக்குப் போட்டாள், தனக்குப் போட்டாள். நாத்தனார், "இன்னிக்கு உப்பு கம்மி அண்ணி" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை எடுத்தாள். மகன் போனைப் பார்த்தபடியே தின்றான். ஒவ்வொருவராக எழுந்து கை கழுவினார்கள்.

அவள் தன் தட்டைப் பார்த்தாள். கழுவ ஒன்றுமில்லை. துணியால் ஒரு துடை துடைத்து அடுக்கில் வைத்தாள். மற்ற நாலு தட்டையும் கழுவினாள், அடுப்பைத் துடைத்தாள். பையில் இரண்டு துணியையும் காஜா ஊசி டப்பாவையும் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"கடைக்கா? வர்றப்ப பால் வாங்கிட்டு வா" என்றார் புருஷன், டிவியை விட்டுத் திரும்பாமல்.

"சரி" என்றாள்.

தெருமுனை வரை போய்ப் பால் வாங்கி, திரும்பி வந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாக்கெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.