டெப்புக்கு வைத்த பொட்டு

அக்கா, டெப்பை உடைத்தது நீங்கள்தான். நானல்ல.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. வாசிக்கிறவர்களுக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் இருக்கும் எங்கள் அண்ணா போன வருடம் ஒரு டெப், அதாவது பெரிய திரை வைத்த டேப்லெட், அனுப்பினார். அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று. ஒரு மாதம் கிளிநொச்சிப் பக்கம் அக்கா வீட்டில் இருக்கும். அடுத்த மாதம் உடையார்கட்டுக்கு என் வீட்டுக்கு வரும். அக்கா அதில் நாடகம் பார்ப்பார். நான் வீடியோ பார்த்துப் பிளவுஸ் வெட்டப் பழகினேன். கணவரின் போனில் பார்த்தால் கைக்குழி எங்கே வளைகிறதென்றே தெரியாது. அந்தப் போனும் விடிய வயலுக்குப் போய்விடும். எனக்கு டெப்தான் தையல் ரீச்சர்.

பிள்ளைகள் ஓடும் வீடு. நெல்லுத் தூசி, வாய்க்கால் சேறு. கண்ணாடி தாங்காதென்று பயந்து நானும் அக்காவும் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே எனக்கு அதைப் பிடித்துவிட்டது. கறுப்பு ரப்பர், நாலு மூலையிலும் தடித்த குமிழ், பின்னால் கைபிடி. டிராக்டர் டயரை வெட்டிச் செய்தது போல இருந்தது.

"எறிஞ்சு பாருங்கோ, ஒண்டும் ஆகாது" என்றார்.

நாங்கள் பயந்துபோய் நின்றோம். அவரே எங்கள் டெப்பைக் கவருக்குள் அமர்த்தித் தரையில் போட்டார். அது துள்ளி எழும்பி அக்காவின் காலடியில் வந்து நின்றது. அக்கா கடைக்குள்ளேயே கைதட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முற்றத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பில் மூச்சு அடைக்கிறது. முதலில் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கதிரையில் ஏறி நின்று போட்டார். ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் விடுவாரா? டிராக்டர் பெட்டியில் ஏறி நின்று போட்டார். டெப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விழும்போதும் பாடிக்கொண்டுதான் விழுந்தது. பிறகு அக்கா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கொய்யா மரத்தில் ஏறினார், நாற்பத்து நாலு வயதில். டெப் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, உங்கட கொய்யாவிலை தேங்காய் காய்க்குதோ?"

நாங்கள் மண்ணில் உருண்டோம். கணவர் டெப்பை என்னிடம் நீட்டினார்.

"நீரும் ஒருக்கா எறியுமன்."

"எனக்கென்ன விசரே?" என்றேன்.

அன்றைக்கு எறியாத ஒரே பெரிய ஆள் நான். இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அதன் பிறகு டெப் கவருக்குள்ளேயே வாழ்ந்தது. கோழி அதன்மேல் ஏறி நின்றது. மகள் அதால் நுளம்பு அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் அக்கா வீட்டிலிருந்து வந்தபோது சத்தம் கூட்டும் பொத்தான் சேறு பிடித்து இறுகியிருந்தது. கழுவலாமென்று கவரைக் கழற்றினேன். கழற்ற ஒரு கரண்டிக் காம்பும் என் இரண்டு நகமும் கணவரின் முழங்காலும் தேவைப்பட்டன.

கவரின் விளிம்பு மறைக்கும் மூலையில் கண்ணாடி வெடித்திருந்தது. வெடிப்பின் மேல் ஒரு ஒட்டுப்பொட்டு. மெரூன் நிறம், வட்டம்.

டெப்புக்குப் பொட்டு! வெடிப்பு ஓடாமல் இருக்க அக்கா ஒட்டியிருக்கிறார். அது ஓடவும் இல்லை, பொட்டோடு நின்றுவிட்டது. என் வீட்டில் ஒட்டுப்பொட்டே கிடையாது. அந்தப் பசை எனக்கு நெற்றியைக் கடிக்கும். மெரூன் வட்டம் அக்காவின் நெற்றியில் இருக்கும், குளியலறைக் கண்ணாடியில் இருக்கும், அலுமாரிக் கதவில் இருக்கும்.

ஆனால் நான் ஒரு மடத்தனம் செய்தேன். சிரித்த சிரிப்பில் பொட்டை உரித்து எறிந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் படம் எடுத்தேன். அதைக் குடும்பக் குழுவில் போட்டேன். கழற்றியது என் வீட்டில், படம் போட்டது நான், பழியும் என் தலையில். அண்ணா குரல் செய்தி அனுப்பினார்.

"உனக்குக் கையிலை ஒரு சாமான் நிக்காது. இனி அது அக்காவோடையே இருக்கட்டும். அவள் கவனமா வைச்சிருப்பாள்."

அதற்குக் கீழே அக்கா கைகூப்பும் படம் ஒன்று போட்டார். கைகூப்பினார்!

அன்று பின்னேரம் எனக்கு மட்டும் தனியாகப் போன் எடுத்தார்.

"எடியே, பொட்டு இருந்ததோ?"

"இருந்தது."

"ஐயோ!" சிரிக்கத் தொடங்கிவிட்டார். "ஒரு பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்கெண்டு மண்டபத்துக்குக் கொண்டு போனனான். அந்தக் கவரோடை பிடிச்சால் சாறிக்கு எடுபடாதெண்டு கழட்டினனான். படம் எடுக்கேக்கை வழுக்கிட்டுது."

"மரத்தாலை விழுந்து உடையாதது மண்டபத்திலை உடைஞ்சதோ?"

"பொட்டு நல்ல யோசனைதானேடி?"

"யோசனை நல்லம்தான்."

நான் குசினி நிலத்தில் இருந்து வயிறு நோகச் சிரித்தேன். அவர் அங்கே சிரித்தார்.

"அண்ணாட்டைச் சொல்லிப்போடாதை" என்று போனை வைத்தார்.

வைத்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அண்ணாவிடம் சொன்னேன். "பொட்டோ? கதை விடாதை" என்றார். நானே கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை அத்தான் டெப்பை எடுக்க வருகிறார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று ஆறு பெண்கள் தந்த பிளவுஸ் துணி என் மேசையில் கிடக்கிறது. உடம்பு வெட்டிவிட்டேன். கை வெட்டும் வீடியோ இன்னும் பாதி இருக்கிறது. ஆறு பேரும் கையில்லாத பிளவுஸோடு அம்மன் வாசலில் போய் நிற்கிறதா?

அக்கா, இனி எனக்குத் தனியாக எடுத்துச் சிரிக்க வேண்டாம். குழுவில் அண்ணா இருக்கிறார், அத்தான் இருக்கிறார், சித்தப்பா, மாமி, மச்சாள்மார் எல்லாரும் இருக்கிறார்கள். கைகூப்பும் படம் எனக்கு வேண்டாம். அத்தான் மோட்டார் சைக்கிளை எடுக்க முதல், உங்கள் குரலிலேயே, எல்லாரும் கேட்க அந்தக் குழுவில் பதில் சொல்லுங்கள்: டெப்பைக் கவரிலிருந்து கழற்றி விழுத்தியது யார்?