வள்ளலுக்கு ஒரு நாள் வேஷம்

பழுதுபார்க்கும் கூடத்தின் மூலையில் நின்ற போர் விமானத்துக்கு வள்ளல் என்று பெயர் வைத்தது மெக்கானிக் அக்காதான். மற்ற விமானங்களுக்கு எது கெட்டாலும் அதிலிருந்துதான் கழற்றுவார்கள். கொடுத்துக் கொடுத்து, கடைசியில் சக்கரமும் பெயின்ட்டும்தான் மிச்சம். விமானப்படைத் தளத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. அங்கேயே விமானம் ஓட்டும் கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி.

விற்ற கம்பெனி உதிரிபாகத்துக்கு எப்போதோ கைவிரித்துவிட்டது. அந்த ரகத்தை நிறுத்தியாயிற்றாம், புதுசு வாங்கிக்கொள்ள வேண்டியதாம். பக்கத்து நாடு புதுசு வாங்கியதும் இங்கே மேலிடத்துக்கும் கை அரித்தது. பழைய மிக்சிக்குப் புது மிக்சி தருகிற கடைக்காரர் மாதிரி, பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பதாகப் பேச்சு. பார்வையிடக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள்.

பிடுங்கித் தின்ற எலும்புக்கூட்டை யார் விலைக்கு எடுப்பார்கள்? கொழுந்தனின் விமானத்திலிருந்து ஹைட்ராலிக் பம்பைக் கழற்றி வள்ளலுக்கு மாட்டச் சொன்னார் அதிகாரி. காலையில் வள்ளல் மூடியைத் திறந்து பல்லைக் காட்டியது. வந்தவர்கள் தலையாட்டினார்கள். மதியம் அதே பம்பு கொழுந்தனின் விமானத்துக்குத் திரும்ப வேண்டும். வந்தவர்கள் முன்னால் அவன் பறந்து காட்ட வேண்டும்.

பம்பைக் கழற்றினால் அதன் வாயில் உட்காரும் ரப்பர் ஓ-ரிங்கை மாற்றியே ஆக வேண்டும். ஸ்டோரில் புதுசு ஒன்றுகூட இல்லை.

"பழசையே போடுங்கக்கா. ஒரு ரவுண்டுதானே," என்றார் அதிகாரி.

"தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாம என்ன. மேல கேட்டாச்சு. புது விமானத்துக்கே கோடி கோடியாப் போகுது, இதுல ரப்பருக்கு வேறயான்றாங்க."

அக்காவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. விரல் மோதிரம் அளவு ரப்பருக்கு வக்கில்லை, வாசலில் சிவப்புக் கம்பளம்.

ஹெல்மெட்டோடு வந்தான் கொழுந்தன். "அண்ணி, அண்ணன் மேல இருக்குற கோவத்தை என் பம்புல காட்டாதீங்க. இன்னிக்கு ஒழுங்கா ஓட்டிட்டா புதுசுக்கு டிரெய்னிங் போறது நான்தான்."

அவள் ஓ-ரிங்கை அவன் கண்ணெதிரே வளைத்துக் காட்டினாள். முடியிழை மாதிரி வெடிப்புகள்.

"மேல போய் இது கிழிஞ்சா எண்ணெய் மொத்தமும் பீச்சிடும். அப்புறம் நீ இழுத்த இழுப்புக்கு விமானம் வராது."

"ஒரு ரவுண்டுதான அண்ணி."

இவனுமா. அவள் பெஞ்சிலிருந்த கத்தரியை எடுத்து ஓ-ரிங்கை இரண்டாக வெட்டினாள். பிறகு நாலாக. அதிகாரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க," என்றான் கொழுந்தன்.

அன்று யாரும் பறக்கவில்லை. அதற்காகப் பேரம் நின்றுவிடவில்லை, கையெழுத்தானது. டிரெய்னிங்குக்கு வேறொருவன் போனான். அக்காவைக் கருவி அறைக்குத் தூக்கி அடித்தார்கள், ஸ்பானர்களில் எண்ணெய் துடைக்க. புது விமானங்கள் வந்து இறங்கின. உதிரிபாகத்துக்குத் தனி ஒப்பந்தமாம், பிறகு பேசிக்கொள்வார்களாம். அதைக் கேட்டு அவள் கையிலிருந்த ஸ்பானரை வீசியதில் அலமாரிக் கதவு இன்னும் கோணல்.

கொழுந்தன் அவளோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வருவான், தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு முறைப்பான்.

"முறைச்சது போதும், ஆறிடும். சாப்பிடு," என்று இன்னொரு கரண்டி போடுவாள் அண்ணி.