அழகாகப் பயப்பட வேண்டும்

அந்த அனிமேஷன் கம்பெனியில் அவள் வேலை முகம் வரைவது. மேசைமேல் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி இருக்கும். சிரிப்போ அழுகையோ, முதலில் தன் முகத்தில் வரவழைத்துப் பார்த்துவிட்டுத்தான் வரைவாள்.

இப்போது ஒரு த்ரில்லர் படம். இளம் பாடகி ஒருத்தியை வெறிபிடித்த ரசிகன் துரத்துகிறான். அந்தப் பாடகி மிரளும் முகத்தை இவள் எத்தனை தடவை வரைந்தும் டைரக்டருக்குத் திருப்தியில்லை.

"வாயை இப்படியா பொளக்கிறது? அழகா பயப்படணும்மா. சட்டை இன்னும் கொஞ்சம் கிழியட்டும்," என்று அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைக் கண்ணாலேயே விழுங்கினார்.

பாட வந்த பெண்ணை நிம்மதியாக ஒரு பாட்டுப் பாட விட்டார்களா இந்தப் படத்தில்? த்தூ! அவள் கண்ணாடியைத் தன் தோளுக்குப் பின்பக்கம் தெரியும்படி சற்றே திருப்பி வைத்து, அந்த ரசிகனின் முகத்தை வரையத் தொடங்கினாள்.

மறுநாள் அதைப் பார்த்த டைரக்டர் துள்ளிக் குதித்தார். "அடேயப்பா! இவன் பாக்கிற பார்வையிலேயே உடம்பு கூசுது. எங்கேம்மா புடிச்சே இந்த மூஞ்சிய?"

"நேத்து என் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னுச்சு சார்."