காட்டாமல் விட்ட சேலை

நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் சேலையை மேசையில் விரித்துக் காட்டினால் மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். கடைப் பெண் ஒருத்தி நிற்க வேண்டும், அவள் தோளில் மடிப்பு வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். ஏழு வருஷமாக நிறம் சொல்வதும் பேசிச் சம்மதிக்க வைப்பதும் நான்தான். நிற்பதும் நான்தான், அந்தப் புதுப் பெண் வேலைக்கு வந்து சேரும்வரை.

உதியன்குளங்கரைக்காரி. நல்ல உயரம், என்னைவிடப் பத்து வயது குறைவு. வந்த முதல் வாரமே, தோளில் சேலையோடு நான் நின்றுகொண்டிருக்கையில் ஒரு அம்மா அவளைக் கைகாட்டி, "அந்தப் பிள்ளைக்க தோளில ஒண்ணு இட்டுக் காட்டு மக்கா" என்றார். என் மேல் கிடந்ததை உருவி அவள் மேல் நானே போட்டேன். உடனே எடுத்துக்கொண்டார். மடிப்புப் பிடித்த கை என்னுடையது, தொண்டை வறளப் பேசியதும் நான், பாராட்டு மட்டும் அவளுக்கு. வயிறு எரிந்தது. பனச்சமூடு பஸ்ஸில் ஏறி வீடு போய்ச் சேரும்வரை எரிந்தது. சும்மா நிற்பதற்கு என்ன சாமர்த்தியம் வேண்டும்?

வைன் கலரில் ஒரு சேலை இருந்தது. அவள் மேல் போட்டால் பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். பிறகு தங்கள் மேல் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பார்கள், தங்களுக்குச் சேரவில்லை என்று திருப்பித் தந்துவிடுவார்கள். அதனால் அது விற்கவே இல்லை.

போன ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமியாராகப் போகிறவரோடு கல்யாணச் சேலை எடுக்க எங்கள் கடைக்கே வந்தாள். கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு நீங்க நில்லுங்க. நானும் ஒரு நாளு கஸ்டமரு மாதிரி இருந்து பாக்கட்டு. எனக்கு எது சேரும்னு உங்களுக்குத்தானே தெரியும்."

நின்றேன். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். மாமியார், "இனி வேற உண்டா மக்கா?" என்று கேட்டார். கை தானாகக் கீழ்த்தட்டுக்குப் போனது. வைன் கலர் விரலில் பட்டது.

"இவ்வளவுதான் உண்டு அம்மா" என்றேன்.

என் தோளில் கிடந்த மயில் பச்சையையே அவள் எடுத்துக்கொண்டாள். அது என் நிறத்துக்கு எடுப்பான பச்சை, அவளுக்கு ஆகாது. "அக்கா கண்ணு தப்பாது" என்று சிரித்துக்கொண்டே பில் போடப் போனாள்.

பாறசாலை ஆடிட்டோரியத்தில் கல்யாணம். முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். நினைத்தது போலவே அந்தப் பச்சை அவளுக்குக் கொஞ்சமும் சேரவில்லை. ஆனாலும் மண்டபமே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

கல்யாணத்தோடு அவள் வேலையை விட்டுவிட்டாள். இப்போது மறுபடியும் நான்தான் நிற்கிறேன். போன வாரம், கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், அந்த வைன் கலரை எடுத்து என் தோளில் போட்டு ஒரு கஸ்டமருக்குக் காட்டினேன். அவர் முழுதாக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"வேற காட்டு மக்கா" என்றார்.