நிருஷாவின் சமய பாடம்

புளத்கொகுபிட்டியப் பக்கம் இறப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டும் செலினா, பன்னிரண்டு வருஷமாக மாதா கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறாள். ஆனால் அரசாங்கப் பாடசாலையில் அவள் மகள் நிருஷாவுக்குக் கத்தோலிக்க சமயம் சொல்லித்தர ஆளில்லை. சைவநெறி வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

நாலாவது தடவையாக அதிகாரியைப் பார்க்கக் கல்விக் கந்தோருக்குப் போனாள்.

"பிள்ளைக்குச் சொந்தச் சமயம் படிச்சுக் குடுக்கணும்னு சட்டமே சொல்லுதுங்களே, சேர்?"

"சட்டம் இருக்கும்மா. ஆறு பிள்ளைக்கு ஒரு டீச்சர் போடத்தான் சல்லி இல்ல."

"அப்ப நானே சும்மா வந்து படிச்சுக் குடுக்கிறேங்க."

"படிச்சுக் குடுக்கணும்னா ஓ.எல். சோதனையாவது பாஸாகியிருக்கணும். நீங்க பாஸா?"

செலினா எரிச்சலோடு வீடு திரும்பினாள். நிருஷா தேவாரம் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சைவநெறியில நான்தான் முதலாவது!"

"அதுக்கு நான் ஆடணுமா?" என்று சிடுசிடுத்தவள், புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தாள்.

"விட்ட எடத்துலருந்து சொல்லு. நீயாவது ஓ.எல். பாஸாகு."